அவகாசம் கேட்டவர்

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது மணி நாலே முக்கால். ஐந்து மணிக்குத் தபால் பிரிவின் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். வேலையில் சேர்ந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது எனக்கு. வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் நாள் முத்திரை குத்தி, வரிசை எண் எழுதி, பெயர்ப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், அந்த முத்திரையைக்கூட நேராக விழவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குத்துவேன்.

"அவகாசம் இன்னும் வரலையே" என்றார் கண்காணிப்பாளர் அம்மா, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"மேலிடத்துலேர்ந்து உத்தரவு வரணுமா மேடம்?" என்று கேட்டேன்.

பிரிவில் இருந்த மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உத்தரவு இல்ல தம்பி, அது ஒரு ஆளு. இப்ப மூச்சு வாங்க வந்து நிக்கும் பாரு" என்றார் அம்மா.

வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அரைக்கை வெள்ளைச் சட்டை, அதன் பையில் இரண்டு பேனா. வருடக்கணக்காகத் தோள்பை சுமந்ததில் வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. அந்தப் பையிலிருந்து முதலில் அவர் எடுத்தது கடிதத்தை அல்ல. ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு இலை விட்ட செடி.

"இது எங்க சங்கத் தலைவர் குடுத்தது. இன்னிக்குக் காலையில ஓட்டல்ல பூமியக் காப்பாத்துற கூட்டம். வந்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு செடி." அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, தடித்த உறை ஒன்றை எடுத்தார். "இது நீங்க கொண்டுவர்ற பூமிச் சட்டத்துக்கு எங்க எதிர்ப்பு... சே, கருத்து. நாங்க எங்க எதிர்த்தோம்?"

"எவ்வளவு நாள் கேட்டிருக்கீங்க இந்தத் தடவை?" என்றார் அம்மா.

"ரெண்டு வருஷம் கேட்டிருக்கோம். ஒண்ணு குடுங்க, போதும்."

எங்கள் அலுவலகம் வங்கிகளைக் கண்காணிக்கும் ஆணையம். ஒரு விதி கொண்டுவருவதற்கு முன்னால் அதன் வரைவை வெளியிட்டு, இன்ன தேதிக்குள் கருத்து சொல்லுங்கள் என்று எல்லோரையும் கேட்போம். வங்கிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்திலிருந்தும் கருத்து வரும். இருபத்திரண்டு வருடமாக அதை உட்கார்ந்து எழுதியவர் இவர். தலைவர்கள் மாறுவார்கள், செயலாளர்கள் மாறுவார்கள், மேடையில் பேசுகிறவர்கள் மாறுவார்கள். எழுதுகிற கை மட்டும் மாறவில்லை. எந்த விதியானாலும் முதல் பத்தியில் மனமார வரவேற்பார். கடைசிப் பத்தியில் அவகாசம் கேட்பார். அதனால் அந்தப் பெயர். நேரிலேயே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் கட்டடத்தின் கேண்டீனில் அவருக்குக் கடன் சொல்லிச் சாப்பிடும் அளவுக்கு உரிமை உண்டு. பகல் ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, செல்போனைத் தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைப்பார். ஒரு மணி அடித்து ஐந்து நிமிடத்துக்குள் அது அலறும். தங்கை. அரை நாள் பஸ் பயணத் தூரத்தில், ஓர் அனல்மின் நிலையத்தை ஒட்டிய ஊரில் வாக்கப்பட்டிருந்தார். மாப்பிள்ளை குத்தகை நிலத்தில் காய்கறி போடுகிறவர். ஊர்ப் பெண்கள் நாற்பது பேருக்குமேல் சேர்ந்த சேமிப்புக் குழுவுக்குத் தங்கைதான் தலைவி.

"அண்ணே, சாப்பிட்டியா? இல்ல, சோத்துக்கும் அவகாசம் கேட்டிருக்கியா?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. ஸ்பீக்கரில் போட்டிருப்பதால் பக்கத்து மேசைக்கும் கேட்கும்.

"சின்னவளே, ஆபீஸ்ல மானத்த வாங்காத."

"இருந்தாத்தானே வாங்குறதுக்கு!"

சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர்கள். தங்கைக்குப் பத்தும் இவருக்குப் பதினேழுமாக இருந்தபோது இவர் ஒரு வங்கிக் கிளையில் கடைநிலை வேலைக்குப் போய், பிறகு குமாஸ்தா ஆனார். நன்றாக எழுதுகிறார் என்று சங்கம் இரவல் கேட்டு வாங்கியது. திருப்பித் தரவே இல்லை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"தங்கச்சி கல்யாணம் முடியட்டும், கொஞ்சம் அவகாசம் குடுங்கனு பொண்ணு பாத்தவங்ககிட்டச் சொன்னேன். குடுத்தாங்க. அப்புறம் யாரும் வந்து கேக்கல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் இன்னொரு வரைவு வந்தது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிய விதி. அனல்மின் நிலையங்களுக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு வங்கியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். புதிதாகப் பெரிய கடன் கொடுப்பதற்கு முன், வெளியாளான ஒரு பொறியாளர் போய் அந்த நிலையத்தின் புகையையும் சாம்பல் குளத்தையும் பார்த்து அறிக்கை தர வேண்டும். ஓராண்டில் நடைமுறைக்கு வரும். எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, கரை கட்டித் தேக்கி வைப்பதைத்தான் சாம்பல் குளம் என்பார்கள். குளம் என்ற பெயரைக் கேட்டு யாரும் குளிக்கப் போய்விடக் கூடாது. அந்த வரைவை நான் இரண்டு முறை படித்தேன். நல்ல விதி என்று பட்டது.

கடைசி நாளில் அவகாசம் இரண்டு பைகளோடு வந்தார். சங்கத்தின் கருத்து ஒரு பையில். இன்னொன்றில் நூற்றெண்பது கடிதங்கள்: சிறு ஆலைக்காரர்கள், செங்கல் சூளைக்காரர்கள், மொத்த வியாபாரிகள். தாள்தான் வேறு வேறு, வாசகம் எல்லாம் ஒன்றே. 'இவ்விதியை வரவேற்கிறோம். ஆயினும் இதனால் வங்கிகளுக்கு ஏற்படும் செலவு எங்களைப் போன்ற சிறியவர்கள் தலையில் விழும் என்று அஞ்சுகிறோம். மூன்று ஆண்டு அவகாசம் தேவை.'

"எல்லாருக்கும் ஒரே நாள்ல ஒரே பயம் வந்துடுச்சா அண்ணே?" என்றேன் முத்திரையை மையில் ஒற்றியபடி.

"பயம் தொத்துநோய் தம்பி. குத்து, குத்து, மணியாகுது."

எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. எழுதவில்லை. நூற்றெண்பது எண்கள் போட்டேன்.

அந்த நூற்றெண்பதில் ஒன்று மட்டும் கையால் எழுதியது. கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை, மேலேறிக் கீழிறங்கும் எழுத்து. ஒரு சாம்பல் குளத்துக்குப் பக்கத்து ஊரின் பெண்கள் சேமிப்புக் குழு அனுப்பியது; அதிலும் கேட்டிருந்தது அவகாசம்தான். கீழே நாற்பத்து மூன்று பேர், சிலர் கையெழுத்து, சிலர் பெருவிரல் ரேகை. முதல் கையெழுத்து குழுத் தலைவியுடையது. அந்தத் தலைவி யார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். கட்டைத் தைக்கும்போது சங்கங்களின் கடிதம் மேலே, கம்பெனிகள் நடுவில், பொதுமக்கள் அடியில். எங்கள் ஊரிலிருந்து போன மனுக்களெல்லாம் எந்தக் கட்டின் அடியில் கிடந்து மக்கின என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மனுக்களிலும் இதே மாதிரிப் பெருவிரல் ரேகைகள்தான் இருந்தன. இந்த ஒரு தடவையாவது எங்கள் ஆட்கள் மேலே இருக்கட்டும் என்று, அந்தத் தாளை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துத் தைத்தேன். இதற்குத்தானே படித்தோம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அதே ஊரிலிருந்து இன்னொரு கடிதமும் வந்திருந்தது. ஓர் அறிவியல் ஆசிரியர் எழுதியது. கரையில் விழுந்த விரிசலின் ஐந்து புகைப்படங்களை இணைத்து, இந்த விதியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். தட்டச்சு செய்த கடிதம். சுத்தமான மொழி. ரேகை எதுவும் இல்லை. வரிசைப்படி அது இருநூற்று மூன்றாவதாக அடியில் போனது.

விதியை முடிவு செய்த கூட்டத்தில் நடந்ததைக் கண்காணிப்பாளர் அம்மா வந்து சொன்னார். ஆணையத் தலைவர் கட்டைப் பிரித்தார். மேல் தாளைப் படித்தார். "குளத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிறவங்களே அவகாசம் கேக்கிறாங்க. நாம ஏன் அவசரப்படணும்?" என்றார். மூன்று ஆண்டு தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

விதி தள்ளிப்போனதைவிட, ரேகை வைத்த தாளைத் தலைவர் படித்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மறுநாள் கேண்டீனில் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "அந்தக் கைக்கடுதாசியை நான்தான் மேல வச்சேன் அண்ணே."

சோற்றுக் கை அப்படியே நின்றது. பிறகு மேசையைத் தட்டினார். "அடேயப்பா! நீதானா! அது யாரு எழுதினதுனு நினைச்ச? எங்க சின்னவ எழுதினது!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். தங்கை கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை, அவரே கூப்பிட்டார். "சின்னவளே, உன் கடுதாசி பெரியவங்க மேசையில எல்லாத்துக்கும் மேல இருந்துச்சாம்!"

"என் கோழிக் கிறுக்கலா? மேசை மேலயா?" அந்தப் பக்கம் யார் யாரையோ கூவி அழைக்கும் சத்தம் கேட்டது. நாலைந்து பெண்கள் ஒன்றாகச் சிரித்தார்கள். அன்று எனக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கடிதம் எப்படி எழுதப்பட்டது என்பதை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். இந்த முறை நாம் மட்டும் கேட்டால் போதாது, சாதாரண மக்களும் கேட்க வேண்டும் என்று சங்கத்தின் செயலாளர் சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய், தாளைக் கையில் கொடுத்து, வரிவரியாகச் சொல்லியிருக்கிறார்.

"குழுக் கடனுக்கு வட்டி ஏறிடும்னு எழுது. அவகாசம் வேணும்னு எழுது. அவ்வளவுதான்."

"சாம்பக் கரைய ஆளு வந்து பாக்கப்போகுதுனு வாத்தியார் சொன்னாரே, அது இந்தச் சட்டமா அண்ணே?"

"அதெல்லாம் வரத்தான் போகுது. நின்னா போச்சு? கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்."

"நீ சொன்னா சரி" என்று எழுதிவிட்டு, வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்திருக்கிறார் தங்கை.

"பொய்னு சொல்லிட முடியாது தம்பி. பாதி உண்மை. மீதிப் பாதிய எழுதாம விடுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவகாசம் கிடைத்த இரண்டாம் வருடம், சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் ஒரு வங்கி, தங்கை ஊர் மின் நிலையத்துக்குப் புதிய கடன் கொடுத்தது. சாம்பல் குளத்தின் கரையை உயர்த்தி, இன்னும் அதிகம் தேக்குவதற்கு. பார்க்கப் பொறியாளர் யாரும் போகவில்லை. போகவேண்டும் என்ற விதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லையே. பழைய விரிசலின் மேலேயே புது மண்ணைக் கொட்டினார்கள். அந்த வருட மழையில், ஒரு காலை பதினொரு மணிக்கு மேற்குக் கரை வாயைப் பிளந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. செய்தியில் அதைத்தான் முதலில் சொன்னார்கள். முழங்கால் ஆழச் சாம்பல் சேறு நிலத்திலும் வீடுகளிலும் கிணறுகளிலும் இறங்கியது. போய்ப் பார்த்துவிட்டு வந்த அவகாசம், "கத்தரிச் செடி, வாசப்படி, ஆட்டுக்குட்டி எல்லாம் ஒரே நிறம் தம்பி. சிலேட்டுப் பலகை மாதிரி" என்று மட்டும் சொன்னார்.

ஊர்க்காரர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். மின் நிலையத்தின் மீதும் கடன் கொடுத்த வங்கியின் மீதும் வழக்கு. தங்கைதான் முதல் மனுதாரர். வங்கியின் வக்கீல் எழுந்து ஒரு தாளைக் காட்டினார். வந்த கருத்துகளையெல்லாம் ஏற்றிவைக்கும் எங்கள் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். "சோதனை இப்போது வேண்டாம், அவகாசம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களே இவர்கள்தான். முதல் கையெழுத்து முதல் மனுதாரருடையது" என்றார்.

அன்று பகல் ஒரு மணிக்கு வந்த அழைப்பில் கிண்டல் இல்லை. ஸ்பீக்கரை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"அண்ணே, அந்தக் கடுதாசி நீ சொல்லித்தான் எழுதினோம்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. அது போதும்ங்கிறாரு எங்க வக்கீல்."

"குடுக்கிறேன் சின்னவளே. கொஞ்சம்... கொஞ்சம் அவகாசம் குடு."

"சரிண்ணே."

ஓய்வு பெறுவதற்குப் பதினான்கு மாதம் இருந்தது அவருக்கு. சங்கத்துக்குள் நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சேரும்போதே எழுதிக் கொடுத்திருந்தார். மீறினால் வேலை போகும், பென்ஷனும் போகும். முதலில் என்னிடம் வந்து, "அந்த ஒரு கடுதாசிய மட்டும் கட்டிலேர்ந்து உருவ முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. முதல் வாய்தாவுக்கு, செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றார். இரண்டாவது வாய்தாவுக்குக் காய்ச்சல். நிஜமான காய்ச்சல், நானே மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவதற்கு முன்னால் ஒரு வரைவு எழுதிக்கொண்டு வந்து காட்டினார்.

'மனுதாரர்களின் கவலையை மனமாரப் புரிந்துகொள்கிறேன். ஆயினும் மேற்படி கடிதம் தயாரிக்கப்பட்ட சூழலைப் பொறுத்தவரை, பல்வேறு தரப்பினரின் ஆலோசனைகள்...'

"இதுல யாரு என்ன செஞ்சாங்கனு எங்க அண்ணே இருக்கு?" என்றேன்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபத்தாறு வருஷமா நேரா ஒரு வாக்கியம் எழுதல தம்பி. உக்காந்தா கை இப்படித்தான் போகுது. நீ எழுதிக் குடேன்."

பத்து நிமிட வேலை. பல்கலைக்கழகத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன் நான். ஆனால் அந்தக் கதையை நேராக எழுதினால், அந்தக் கடிதம் கட்டின் மேலே எப்படி வந்தது என்றும் யாராவது கேட்பார்கள். "உங்க கையால எழுதினாத்தாண்ணே எடுபடும்" என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். எனக்கும் அவகாசம் தேவைப்படுகிறது என்று அவருக்குப் புரிந்திருக்கும். அந்த முகத்தை நன்றாகத் தெரிந்தவர் அவர்.

கடைசியில் எழுதினார். நாலே வரி. 'அந்தக் கடிதத்தைச் சொல்லி எழுத வைத்தவன் நான். சங்கத்துக்காக எழுத வைத்தேன். சாம்பல் கரைச் சோதனை தள்ளிப்போகும் என்பதை என் தங்கையிடம் சரியாகச் சொல்லவில்லை. அவள் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.' ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போனார்.

ஜன்னலில் இருந்தவர் தாளை வாங்கவில்லை. "சாட்சியம் முடிச்சாச்சு சார். கடைசித் தேதி போன புதன்கிழமை. ஆறு நாள் ஆச்சு."

"ஆறு நாள்தானே. ஒரு மனு போட்டு..."

"மூணு தடவை வாய்தா குடுத்தாச்சு. இனிமே அவகாசம் இல்ல."

அரசாங்கத்திடம் மூன்று வருடம் வாங்கியவரால் ஆறு நாள் வாங்க முடியவில்லை. தங்கை தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். மடித்து அண்ணனின் சட்டைப்பையிலேயே, இரண்டு பேனாவுக்கும் நடுவில் வைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே அண்ணே. நாலு வரிதான். இதுக்கா இத்தனை நாள்?"

அவ்வளவுதான். மாப்பிள்ளை, "வாங்க, டீ சாப்பிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டாராம். தங்கை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு வந்தது. ஊர்க்காரர்களே தள்ளிப்போடச் சொன்னதால், வங்கிக்கு இதில் பொறுப்பில்லை என்று விடுவித்துவிட்டார்கள். மின் நிலையம் கொடுத்த நஷ்டஈடு வீட்டைக் கழுவத்தான் ஆயிற்று, நிலத்தைக் கழுவ முடியவில்லை. விதியும் போன வருடம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொறியாளர் போய்ப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில், 'வங்கி தேவையெனக் கருதினால்' என்று இருக்கிறது. அந்த மூன்று சொல்லைக் கேட்டு எழுதிய கருத்து, அவருடைய மேசையிலிருந்து போன கடைசிக் கருத்து. "நான் எழுதலேன்னா வேற ஒருத்தன் எழுதியிருப்பான்னு சொல்லிக்கலாம் தம்பி. ஆனா நான்தானே எழுதினேன்" என்றார்.

தீர்ப்பாயம் வாங்காத அந்தத் தாளைப் பற்றிச் சங்கத்தில் யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்றபோது விழா வைத்து, சால்வை போட்டு, ஒரு செடியும் கொடுத்து அனுப்பினார்கள். பென்ஷன் ஒழுங்காக வருகிறது. சங்கத்துக்குப் பின்தெருவில், மாடிப்படிக்குக் கீழே உள்ள அதே ஒற்றை அறையில்தான் இருக்கிறார். தங்கை குடும்பம் நிலத்தை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை ஒரு கிடங்கில் சுமை ஏற்றுகிறார். மாதம் ஒருமுறை அவர்தான் இவருக்கு போன் செய்து நலம் விசாரிப்பார். தங்கை பேசி இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது.